வழியையே வீடாகக் கொண்ட இசைவாணர்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் சங்க இலக்கியப் பகுதியைக் கற்கும்போது ‘பாணன்’ என்னும் சொல்லைச் சந்திக்கின்றனர். ‘பாணர் எனப்படுவோர் யாழிசைத்துப் பாடுவோர்’ எனக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். பரீட்சையிலும் அவ்வாறே எழுதிப் புள்ளிகளைப் பெற்றுவிடுகின்றனர். ஆயின் அப்பாணன் எங்கே உறங்கினான், அவன் மனைவி மக்கள் எங்கே இருந்தனர், மழை பெய்தால் யாழை எங்கே வைத்தான், பாட்டுக்கு அழைப்பு வராத மாதங்களில் எதனை உண்டான் என்னும் வினாக்களை எந்தப் பாடநூலும் எழுப்புவதில்லை. இசையைப் பற்றிப் பேசும் நாம், அவ்விசையைச் சுமந்துகொண்டு வழிநடந்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆகவே இம்மலரில் இராகங்களையும் தாளங்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஊர் ஊராய்ச் சென்று இசைத்தவர்களின் வழிப்பயணத்தைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

தமிழில் இப்பயணத்துக்கென ஓர் இலக்கிய வகையே உண்டு. பத்துப்பாட்டில் அடங்கிய பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகளாகும். ஆறு என்பது இங்கே வழியைக் குறிக்கும். ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனைக் கண்டு, ‘இவ்வழியே செல்வாயாக; இன்னாரைக் காண்பாய்; உன் துன்பம் தீரும்’ என்று வழிகாட்டுவதே ஆற்றுப்படை. முருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் என்னும் கலைஞரை விளித்துப் பாடப்பட்டவை. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வெளியிட்டபோது, இக்கலைஞர்களின் வாழ்வும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்து எம் கைகளை எட்டியது.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் ஒரு காட்சியை நாம் வகுப்பில் சொல்லும்போது எப்பொழுதும் சிறுவர்கள் அமைதியாகிவிடுவர். பாணனுடைய வீட்டு அடுக்களையில் அண்மையில் குட்டி ஈன்ற நாய் ஒன்று கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத மடியைப் பற்றி இழுக்க, நோவு தாங்காமல் தாய்நாய் குரைக்கின்றது. அவ்வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் அவித்து, பிறர் கண்டால் இழிவு என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு உண்ணுகின்றாள். வறுமையைக் காட்டிலும் அக்கதவை அடைத்த செயலே எம்மை வருத்துவது. மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்ட கலைஞனின் வீட்டிலும் அக்கதவு இருக்கக்கூடும் என்பதைப் பெரியோராகிய நாமும் நினைப்பதில்லை.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படை இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. கிழிந்து தைத்த, பேன் குடியேறிய ஆடையோடு வந்த பொருநனுக்குக் கரிகால் வளவன் பட்டாடை அளிக்கின்றான். நாள்தோறும் ஊன் தின்று தின்று, கொல்லையை உழுத கொழு மழுங்குவது போலப் பொருநனின் பற்கள் மழுங்குகின்றன. அவன் புறப்படும்போது அரசன் நான்கு வெண்குதிரைகள் பூட்டிய தேரில் ஏற்றி, ஏழடி தானும் பின்னே நடந்து வழியனுப்புகின்றான். அதாவது, ஒரு நாள் பட்டினி, மறுநாள் தேர். சீரான மாதச் சம்பளம் என்பது பாணனின் அகராதியில் இல்லாத சொல். இன்றும் ஊர் ஊராய்ச் செல்லும் இசைக்கலைஞர் பலருக்கு அவ்வாறே.

வழியின் விவரங்களை அறிய மலைபடுகடாம் சிறந்த நூல். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இந்நூலின் தொடக்கத்திலேயே, கூத்தர் தம் இசைக்கருவிகளையெல்லாம் பைகளிலிட்டு, பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போலத் தோளில் தொங்கவிட்டு நடக்கின்றனர். முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் எனக் கருவிகளின் பட்டியலே அங்கே உண்டு. பின்னர் வழியில் உள்ள இடர்கள் கூறப்படுகின்றன: பன்றிகளுக்காக வைக்கப்பட்ட பொறிகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள், பாம்புகள், வழுக்குப் பாறைகள். பெரும்பாணாற்றுப்படையோ சுங்கம் கொள்ளும் பெருவழிகளை வில்லேந்திய காவலர் காத்து நின்றதைக் கூறுகின்றது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் எமது கலைஞரை நினைத்தால், இப்பகுதிகள் பழங்கதையாகத் தோன்றுவதில்லை.

இவ்விடத்தில் எமது ஊரின் பெயரையும் நினைவூட்ட வேண்டும். கண்பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் வந்து அரசன் முன் யாழ் வாசித்தான் என்றும், அவனுக்குப் பரிசிலாகக் கிடைத்த மணற்பாங்கான நிலமே யாழ்ப்பாணம் ஆயிற்று என்றும் யாழ்ப்பாண வைபவமாலை முதலியன கூறும் ஐதீகம் யாவரும் அறிந்ததே. இதனை வரலாறாக ஏற்க ஆராய்ச்சியாளர் பலர் தயங்குவர். ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் தன் ஊர்ப்பெயருக்குக் காரணம் தேடியபோது, வெற்றி பெற்ற மன்னனையோ கோட்டை கட்டிய தளபதியையோ தேடாமல், வழிப்போக்கனான ஓர் இசைவாணனைத் தேர்ந்துகொண்டது எமக்குப் பெருமையாகவே உள்ளது.

அடுத்து, பக்தி இயக்கக் காலம். திருஞானசம்பந்தர் தலந்தோறும் சென்று பதிகம் பாடியபோது அவருடன் யாழ் வாசித்துச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். உடன் சென்றவர் அவருடைய மனைவியார் மதங்கசூளாமணியார். இசைக்கலைஞரான கணவனும் மனைவியும் சேர்ந்து மேற்கொண்ட நெடும்பயணம் என்ற வகையிலும் இது குறிப்பிடத்தக்கது. அவர்கள் திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கரின் இல்லத்துக்கு வந்த இரவில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறியுள்ளார். பாணர் குலத்தவருக்கு எங்கே இடம் அளிப்பது என்னும் கேள்வி எழுகின்றது. திருநீலநக்கர் அந்தணர். சம்பந்தரோ பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் இல்லத்தினுள்ளேயே இடம் கொடுக்குமாறு கூறுகின்றார். வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் அருகில் அவர்கள் தங்குகின்றனர். தீ முன்னிலும் ஓங்கி வலமாகச் சுழன்று எரிகின்றது.

அந்தத் தீ எம் ஊர்களில் வெகுகாலம் எரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடியும்வரை நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள், விடிந்தபின் உபயகாரர் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் செல்லவியலாத காலம் இருந்தது. தலைநரைத்த வித்துவானை ஒருமையில் விளித்த சிறுவர்கள் இருந்தனர். தோளில் உள்ள சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பது இரு கரைகளிலும் எதிர்பார்க்கப்பட்ட ‘மரியாதை’. இதனை எதிர்த்து நிமிர்ந்து நின்றவர் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898–1956). கோட்டு அணிந்தும் குடுமியை நீக்கியும் மேடையில் சரியாசனம் கேட்டும் அவர் வாழ்ந்த வாழ்வைப் பலர் செருக்கு என்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் கேட்டது வாய்ப்பாட்டு வித்துவான்களுக்குக் கேட்காமலே கிடைத்த ஒன்றைத்தான். கருவியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் அவருக்காகச் செய்த நீண்ட பாரி நாயனமே பின்னர் யாவரும் கைக்கொண்ட நாதஸ்வரமாயிற்று.

பெரியமேளம் என எம்மவர் வழங்கிய இந்நாதஸ்வர தவில் குழுவின் பயணத்தைச் சற்று விரிவாகக் கூறுவது பயனுடைத்து. தஞ்சைப் பகுதியிலிருந்து கோயில்களின் அழைப்பின்பேரில் வந்த இசைக்குடும்பங்கள் அளவெட்டி, இணுவில், கோண்டாவில், மாவிட்டபுரம் முதலிய ஊர்களில் வேரூன்றின. இவ்வாறு வேரூன்றிய பின்னரும் திருவிழாக் காலங்களில் தமிழகத்திலிருந்து வித்துவான்களை வரவழைக்கும் வழக்கம் தொடர்ந்தது. எம்மவர் அங்கே செல்வதும் நிகழ்ந்தது. இப்போக்குவரத்தை எளிதாக்கியது 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு தொடங்கிய ‘போட் மெயில்’ சேவை. சென்னை எழும்பூரில் புகையிரதம் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மீண்டும் புகையிரதம். கொழும்புக்குச் செல்வோர் அப்படியே செல்லலாம். யாழ்ப்பாணம் வருவோர் மதவாச்சிச் சந்தியில் இறங்கி வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். உறையிட்ட நாதஸ்வரங்களும் துணி சுற்றிய தவில்களும் பித்தளைச் செம்புகளும் படுக்கை மூட்டைகளுமாக, மேடையில் நாம் காணும் கம்பீரத்தோடு சிறிதும் பொருந்தாத கோலத்தில் அவர்கள் அங்கே அமர்ந்திருந்ததை எமது தந்தையார் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. போர்ச்சூழலால் 1980களின் நடுப்பகுதியில் அதுவும் நின்றது. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போவோரைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாமில், பின்னர் இலங்கையிலிருந்து ஓடிவந்தோர் தங்கவைக்கப்பட்டனர். வித்துவான்கள் வந்த அதே கடல்வழியில் அகதிகள் எதிர்த்திசையில் சென்றனர்.

ஒரு பெரியமேளக் குழுவில் இரு நாதஸ்வரம், இரு தவில், தாளம் போடுபவர், ஒத்து ஊதுபவர் எனக் குறைந்தது அறுவர் இருப்பர். ஒத்தின் இடத்தைப் பின்னர் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. திருவிழாவுக்கு முன்பே வெற்றிலை பாக்கோடு முற்பணம் கொடுத்து நாள் குறிக்கப்படும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் ஊருக்கு ஊர் கொடியேறும். ஒரு கோயிலின் தீர்த்தம் முடிந்த கையோடு அடுத்த ஊரின் கொடியேற்றத்துக்குச் செல்ல வேண்டும். சுவாமி புறப்படும்போது மல்லாரி. பின் ஒவ்வொரு வீதியிலும் நின்று நின்று இராக ஆலாபனை. மேற்கு வீதியை அடையும்போது நள்ளிரவு கடந்திருக்கும். பல குழுக்கள் கூடும் மேளச்சமா எனில் விடிந்து வெளிச்சம் வரும்வரை நிகழும். இவ்வளவு நேரமும் தவிலைத் தோளில் மாட்டி நின்றவாறே வாசிக்க வேண்டும். பகலில் மடத்தின் மூலையில் உறக்கம். கேட்போருக்கு அது வருடத்தில் ஒரு நாள் திருவிழா. வாசிப்போருக்கு அது தொடர்ந்து நாற்பதாவது இரவாக இருக்கலாம்.

கருவிகளைப் பேணுவது தனிக்கலை. நாதஸ்வரத்தின் உயிர் சீவாளியில் உள்ளது. நாணற் புல்லிலிருந்து செய்யப்படும் இச்சிறு பொருள் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறும். தஞ்சையில் இனிமையாக ஒலித்தது யாழ்ப்பாணக் கடற்காற்றில் அடங்கிப்போகும். இலண்டனின் குளிரில் பேசவே மறுக்கும். ஆகவே வித்துவான் பல சீவாளிகளை நூலில் கோத்துக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பார். அவற்றோடு, சீவாளியைச் சரிசெய்ய யானைத்தந்தத்தாலான ஊசியொன்றும் தொங்கும். யானைத்தந்தத்தின் சர்வதேச வாணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. பிரித்தானியாவிலும் கடுமையான தனிச்சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. பாட்டனார் விட்டுச் சென்ற ஒரு விரல் நீள ஊசியும் சுங்க அதிகாரிக்கு விளக்கம் கூற வேண்டிய பொருளாகிவிட்டது. தவிலின் கதை வேறு. பலாமரக் கட்டையில் தோல் வாரால் இழுத்துக் கட்டப்பட்ட பழைய தவிலை ஒவ்வோர் ஊரின் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப இறுக்குவது பெரும்பாடு. இன்று உருக்கு வளையங்களும் திருகாணிகளும் வந்துவிட்டன. ஒரு சாவியால் சில நிமிடங்களில் சுருதி சேர்க்கலாம். பாரம் கூடிவிட்டது என்பது தோள்களின் முறைப்பாடு. தவில் வித்துவான் வலக்கை விரல்களில் அணியும் கூடுகள் துணியும் பசையும் கொண்டு கையாலேயே செய்யப்படுபவை.

இப்பயணங்களின் உச்சமாக எமது மண் கண்டவர் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975). தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவான். அளவெட்டியை வாழிடமாகக் கொண்ட தெட்சணாமூர்த்தி, கடல் கடந்து சென்று தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்குத் தவில் வாசித்தார். தவிலின் தாயகத்திலேயே சென்று, ‘யாழ்ப்பாணத்தார் வருகின்றார்’ என்று மக்களைத் திரளச் செய்தார். 41 ஆண்டுகளே வாழ்ந்தார். இரவு பகலாய் அலைந்து வாசிக்கும் வாழ்க்கை உடலிடம் வாங்கும் விலையை நாம் அவருடைய ஆயுளை மட்டும் கொண்டு கணிக்க முடியாது. எனினும் அவ்வயதை எண்ணும்போது மனம் சுமையாகின்றது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. பெற்றோர் அதனைத் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நன்று.

பெண்களின் பயணம் இதனினும் கடினமானது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் சிறுமியாயிருந்தபோது புகையிரதத்தில் பாடிக் காசு பெற்றவர். அங்கேதான் நாடக ஈடுபாடுடைய புகையிரத அதிகாரி எப். ஜி. நடேச ஐயரின் செவியில் அக்குரல் பட்டது. நாடகக் குழுக்களோடு இலங்கைக்கு வந்த அவர், 1926இல் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். மணமுடித்த சில ஆண்டுகளிலேயே, 1933இல், கிட்டப்பா மறைந்தார். துணையற்ற பெண்ணுக்கு ஊர் ஊராய்ச் செல்லும் வாழ்க்கை எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் வெண்ணிற ஆடையுடன் மேடையேறிப் பாடிக்கொண்டேயிருந்தார்.

1958ஆம் ஆண்டின் இனக்கலவரம் இசையுலகிலும் ஒரு பயணத்தைத் தோற்றுவித்தது. யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்துக்கொண்டிருந்த வி. இலட்சுமிநாராயண ஐயர், கலவரத்தின் பின் குடும்பத்தோடு இந்தியா சென்றார். அவருடைய மைந்தர்களே பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோர். சங்கர் 1970களில், கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோக்லின், தபேலா மேதை சாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ என்னும் குழுவில் சேர்ந்து ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வலம் வந்தார். மானாமதுரை மண்ணாற் செய்த பானையை விமானத்தில் உடையாது கொண்டுசென்று, ஆயிரக்கணக்கான வெள்ளையர் முன் மடியில் வைத்து வாசித்தார் விநாயக்ராம். கலவரத்தில் இடம்பெயர்ந்த ஒரு சிறுவன் உலக மேடையில் நின்றான் என்பதை எமது மாணவர் அறிய வேண்டும். இடம்பெயர்ந்த எல்லாச் சிறுவருக்கும் அது கிட்டவில்லை என்பதையும் உடன் அறிய வேண்டும்.

போர்க்காலத்துப் பெரியமேளத்தை நாமே கண்டோம். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளும் தடைப்பட்டது. அப்போது பத்துப் பன்னிரண்டு வயதினராயிருந்த எமக்கு, தவில் வித்துவான் என்றால் துவிச்சக்கர வண்டியில் வருபவர். பின்புறக் கரியரில் பழைய ரியூப்பினால் தவிலை இறுக்கிக் கட்டி, நாதஸ்வரத்தைக் குறுக்காகத் தோளில் மாட்டிய இன்னொருவரோடு ஒழுங்கைகளினூடே மிதித்து வருவார். இரவுத் திருவிழாக்கள் பகலுக்கு மாறின. விமான இரைச்சல் கேட்டால் வாசிப்பு நிற்கும். மக்கள் மதிலோரம் ஒதுங்குவர். இரைச்சல் அகன்றதும் விட்ட இடத்திலிருந்தே இராகம் தொடரும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த மழை இரவில், நாவற்குழிப் பாதையில் சனநெரிசலுக்குள் ஒரு முதியவர் தவிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததைக் கண்டோம். சோற்றுப் பானையையும் பாய்களையும் அவர் வீட்டுப் பெண்கள் சுமந்தனர். தோல் நனைந்தால் அடுத்த உழைப்பு இல்லை. மலைபடுகடாத்தின் தொடக்க அடிகளை இன்று வகுப்பில் விளக்கும்போது, எமக்குப் பலாமரம் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கைகளே வருகின்றன.

இனி இலண்டனுக்கு வருவோம். டூட்டிங் மிச்சம் வீதியில், நாம் காய்கறி வாங்கச் செல்லும் வழியில், உயர்ந்த தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கின்றது. 1931இல் கிரனாடா என்னும் பெயரில் திறக்கப்பட்ட அரங்கம் அது. பின்னர் பிங்கோ மண்டபமாக மாறியது. 1953இல் அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா அங்கே பாடினார். 1963 யூன் 1ஆம் திகதி, பஸ்ஸில் நகரம் நகரமாகச் சென்றுகொண்டிருந்த பீட்டில்ஸ் குழுவினர் அங்கே வாசித்தனர். அதே ஆண்டில்தான் எம். எஸ். சுப்புலட்சுமி எடின்பரோ விழாவில் பாடினார். மாணவர்களே, அடுத்த முறை அக்கட்டடத்தைக் கடக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து பாருங்கள். ஊர் ஊராய்ச் சென்று வாசிப்பது எமக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இங்கே கோடை பிறந்தால் தேர்த் திருவிழாக் காலம். டூட்டிங் முத்துமாரி அம்மன், விம்பிள்டன் கணபதி, ஹைகேற் முருகன், ஈலிங் கனகதுர்க்கை, பாரிஸ் மாணிக்கப் பிள்ளையார், ஜேர்மனியின் ஹம் காமாட்சி எனக் கோயில்கள் அடுத்தடுத்துக் கொடியேற்றுகின்றன. பழைய ஆனி, ஆடி, ஆவணி ஓட்டம் அப்படியே ஐரோப்பாவுக்குப் பெயர்ந்துள்ளது. அளவெட்டியிலிருந்து நல்லூருக்கு என்பது மாறி, ஹம்மிலிருந்து இலண்டனுக்கு என ஆகிவிட்டது. வானில் ஆறுபேர், கருவிகள், தேநீர்ப் போத்தல்கள். இரவு முழுவதும் வீதியில். ஆனால் வழியின் காவலர் வில்லுக்குப் பதிலாக முத்திரை வைத்துள்ளனர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு ஒரே விசா போதும். பிரித்தானியாவுக்கு வேறு விசா தேவை. 2021 முதல் பிரித்தானியக் குடியுரிமை உடைய கலைஞரும் ஐரோப்பாவில் வாசிக்க ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்க்க வேண்டியுள்ளது. அகதியாக ஏற்கப்பட்டவருக்குக் கிடைப்பது பயணப் பத்திரம். அதைக் கொண்டு சொந்த ஊர் செல்வது இயலாது. வழக்கு முடியாமல் காத்திருப்பவருக்கு அதுவுமில்லை. நாம் அறிந்த நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் பல ஆண்டுகள் இலண்டன் எல்லைக்குள்ளேயே வாசித்தார். அக்காலத்தில் அவர் தந்தையார் ஊரில் காலமானார். வாழ்நாளெல்லாம் பிறர் வீட்டு நன்மை தீமைகளுக்கு வாசித்தவரின் இறுதி ஊர்வலத்துக்கு மகன் வாசிக்கவில்லை.

விசாத் தடை புகழ் பெற்றோரையும் விடுவதில்லை. ஈழத்திலிருந்து வந்து எமக்கு அயலிலுள்ள மிச்சத்தில் வளர்ந்து உலகப் பாடகியான மாதங்கி அருட்பிரகாசம் அவர்களுக்கு, 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. அவர் சென்னை முதலிய இடங்களுக்குச் சென்று, எம்மவரின் பறையொலிகளைச் சேர்த்துத் தமது இசைத்தட்டை உருவாக்கினார். 2007இல் வெளிவந்த அதற்குத் தாயாரின் பெயரைச் சூட்டினார். அவருடைய பாடல்கள் யாவும் எமது செவிக்கு உகந்தன என்று சொல்ல மாட்டோம். ஆயினும் மதங்கசூளாமணியார் நடந்த வழியில் ஒரு மாதங்கி நடப்பதைக் குறிப்பிடாமல் விடுவது முறையன்று.

அண்மையில் ஒரு தாயார் எம்மிடம் கேட்டார்: “மாஸ்டர், என்ரை மகன் மிருதங்கத்தையே தொழிலாக எடுக்கப் போகிறேன் எண்டு நிக்கிறான். நான் என்ன செய்யிறது?” அரங்கேற்றத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்களைச் செலவிடத் தயங்காத நாம், இக்கேள்வியின் முன் நடுங்குகின்றோம். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. கச்சேரி மட்டும் வாசித்து இந்நாட்டில் வீட்டு வாடகை கட்டுவது மிகக் கடினம். கற்பித்தல், பாடசாலைகளில் பயிற்சிப் பட்டறை, நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்தல், ஒலிப்பதிவு எனப் பலவற்றைச் சேர்த்தே வாழ முடியும். வார இறுதிகள் குடும்பத்துக்கு இல்லை. சன்மானம் எவ்வளவு, பயணச் செலவு யாருடையது என்பதை முன்னதாகவே எழுத்தில் பெறப் பழக வேண்டும்; ‘கோயில் விஷயம், தம்பி, பார்த்துச் செய்வோம்’ என்னும் சொல்லை நம்பிச் சென்று வெறுங்கையோடு திரும்பியவர் பலர். இவ்வளவையும் கேட்ட பின்னரும் மகன் விரும்பினால் தடுக்க வேண்டாம் என்றே அத்தாயாரிடம் கூறினோம். எமது விழாவுக்கு வாசிக்க வருவோரை மட்டும் கைதட்டி வரவேற்று, எம் வீட்டிலிருந்து ஒருவர் வாசிக்கப் போவதை அஞ்சுவது நேர்மையாகாது. பாணனுக்கு வெளித்திண்ணை காட்டிய அதே மனம்தான் அது, வேறு உடையில்.

அவர் அடுத்துக் கேட்டது நடைமுறைக் கேள்வி. ஏனைய பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகின்றோம். மிருதங்கத்தைப் பயணத்துக்கு முன் தொப்பிப் பக்கத்தில் ஒட்டிய ரவைப் பசையை முற்றாகச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு உறையிட்டால் தோல் கெடும். குளிர்காலத்தில் வீட்டின் வெப்பமூட்டிக்கு அருகில் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். வீணையைக் கோடையில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லலாகாது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு இளகிவிடும். விமானத்தில் மென்மையான உறை போதாது, கடினமான பெட்டி வேண்டும். நரம்புகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். வயலினைக் கைப்பொதியாக எடுத்துச் செல்ல முடியுமா என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, விடையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய தாளொன்றை வைக்கவும். வெளியே ஒட்டியது கிழிந்து போகும்.